வேன் எத்தனை மணிக்கு வரும்?

என் அம்மாவின் கடைசி இரண்டு வருடத்தில் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனது ஒரு வெள்ளை வேன். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எந்த மெஷினில் எந்த நாள் எந்தப் பொருள் ஓட வேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. வாரத்துக்கு மூன்று நாள் லீவு கொடுக்கிற முதலாளி எங்கே இருக்கிறார்? பெர்மாஸ் ஜெயாவில் ஒரு சங்கம் இருக்கிறது, போக வர வசதியில்லாத நோயாளிகளை அவர்கள் இலவசமாக ஏற்றி இறக்குகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாதி சொன்னார். அப்படித்தான் அந்த வேன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது.

அம்மா காலமாகி ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். டயர் கடைக்கு மேலே ஒரு சின்ன அலுவலகம். ஒரு சுவர் முழுக்க வெள்ளைப் பலகை, அதில் மூன்று வேன்களுக்கும் மூன்று கட்டம். இன்னொரு சுவரோரம் மடித்து வைத்த சக்கர நாற்காலிகள். நடுவில் இரண்டு போன்களோடு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். முன்பு டவுனில் ஒரு ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவராம். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன்.

நான் நின்ற பத்து நிமிடத்தில் மூன்று அழைப்பு வந்தது. ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு நேரம் மாறிவிட்டது. அக்கா பலகையில் ஒரு பெயரைக் கையால் துடைத்துவிட்டு வேறு பெயரை எழுதினார். உடனே ஓட்டுநருக்குப் போன் போட்டார்.

"இதையெல்லாம் எங்கேயாவது எழுதி வச்சிருக்கீங்களாக்கா?" என்று கேட்டேன்.

மேசை மேலிருந்த நீளமான நோட்டுப் புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். "பாதி இதுல இருக்கு. மீதி இங்க," என்று தன் நெற்றியைத் தொட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவருக்கு ஒரு நாள் உடம்பு முடியாமல் போனால் முப்பது பேர் வீட்டு வாசலில் நிற்பார்களே என்று தோன்றியது. அந்தக் கவலை நியாயமானதுதான். அதற்கு நான் கண்டுபிடித்த மருந்துதான் சரியில்லை.

சங்கத்தில் சேர்ந்தேன். மூன்றே மாதத்தில் சங்க நிர்வாகிகள் கூடும் செயலவைக் கூட்டத்தில் எழுந்து, இந்த வேலையை ஒரு ஆப் மூலம் செய்யலாம் என்று பேசினேன். தொழிற்சாலையில் இருநூறு மெஷினுக்கு அட்டவணை போடுகிறவளுக்கு மூன்று வேன் எம்மாத்திரம் என்ற நினைப்பு. தலைவருக்குச் சந்தோஷம். ஒரு கம்பெனி கணினியும் டேப்லட்டும் தானமாகத் தந்தது. மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது நான். வரைபடம், கலர் கலராகக் கோடு, மாத அறிக்கை எல்லாம் அதில் இருந்தன. திறப்பு நாளில் கறிபாப் பலகாரமும் தே தாரேக் தேநீரும் வைத்துப் படம் பிடித்துக்கொண்டோம்.

அதற்கு முன் ஒரு முறைகூட நான் அந்த வேனில் ஏறிப் போனதில்லை. அம்மா போன வேன் அது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது.

முதல் சில வாரம் ஓட்டுநர்கள் மூன்று பேரும் ஆப்பை மறந்து மறந்து போனார்கள். நோயாளி ஏறியதும் ஒன்று, இறங்கியதும் ஒன்று என்று அழுத்த வேண்டும். அவர்களோ சாயந்திரம் வேனை நிறுத்திவிட்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் மொத்தமாக அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள். என் திரையில் ஐந்து நோயாளிகள் ஒரே நிமிடத்தில் ஏறி இறங்கியதாகக் காட்டியது. நான் கோபப்பட்டேன். அக்கா இன்னும் போன் போட்டுக்கொண்டிருப்பதுதான் காரணம், பழைய வழி இருக்கிறவரை புதிய வழிக்கு யாரும் வரமாட்டார்கள் என்று செயலவையில் சொன்னேன். வெள்ளைப் பலகையைக் கழற்றி சக்கர நாற்காலிகளுக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். அக்கா நோட்டை இழுப்பறையில் போட்டு மூடினார்.

பிறகு அந்த நாள் வந்தது.

கெலாங் பாத்தாவில் எங்கள் நோயாளி ஒருவர் இருந்தார். முன்னாள் லாரி ஓட்டுநர். சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அவரும் மனைவியும் மட்டும்தான் வீட்டில். வழக்கமாக அவருக்கு மதியம் டயாலிசிஸ். ஒரு நாள் சாயந்திரம் சிகிச்சை மையத்திலிருந்து செய்தி வந்தது. மறுநாள் அவருக்கு மட்டும் காலை ஏழு மணிக்கு மாற்றியிருக்கிறார்கள். அவரிடமும் சொல்லிவிட்டார்களாம். நான் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையில் இருந்தேன். போனிலேயே நேரத்தை மாற்றினேன். பச்சை டிக் வந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டார். "டிரைவருக்கு நான் ஒரு வார்த்தை போன்ல சொல்லிடவா?"

"வேணாங்கக்கா. சிஸ்டம் அனுப்பிருச்சு," என்றேன்.

கெலாங் பாத்தா பக்கம் வேன் ஓட்டுகிறவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீடு கடலோரத் தாமான் குடியிருப்பில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிரே சிங்கப்பூர். அந்தப் பக்கம் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும், அங்கே போன் தானாகவே சிங்கப்பூர் நெட்வொர்க்குக்குத் தாவிவிடும். ரோமிங்கில் காசு போய்விடும் என்று அண்ணன் போனில் டேட்டாவை அணைத்தே வைத்திருப்பார். நான் அனுப்பிய மாற்றம் அவர் போனுக்குப் போய்ச் சேரவே இல்லை. காலையில் எழுந்து பார்த்தபோது அவர் கண்ணில் பட்டது பழைய பட்டியல். கெலாங் பாத்தா மதியம்தானே என்று வேறு பக்கம் போய்விட்டார்.

அங்கே அந்த ஐயா ஆறு மணிக்கு முன்பே சட்டை மாற்றிக்கொண்டு, கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏழு ஆனது. ஏழரை ஆனது. எட்டு மணிக்கு எங்கள் அலுவலகம் திறந்ததும் அவர் மனைவி போன் செய்தார். வேன் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது தாண்டிவிட்டது. காலை இடம் போய்விட்டது, மதிய இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் மதியம் வரச் சொன்னார்கள். ஆனால் மறுநாள் விடிவதற்குள் உடம்பில் நீர் கோத்து, மூச்சு விட முடியாமல் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

செய்தி கேட்டபோது நான் அட்டவணைக் கூட்டத்தில் இருந்தேன். எழுந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டேன். அம்மா அப்படி மூச்சு வாங்கியதை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து, அவர் தேறி வார்டுக்கு வந்ததும் பார்க்கப் போனேன்.

"என் தப்புதாங்க ஐயா. போன்ல மாத்தினேன். போய்ச் சேர்ந்துச்சான்னு பாக்கல."

அவர் கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "தப்பு எல்லாருக்கும் வர்றதுதாம்மா," என்றார். "ஆனா ஒன்னு சொல்றேன். அன்னிக்கு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன் பாருங்க, அதான் ரொம்ப மோசம். வேன் வராதுன்னு தெரிஞ்சிருந்தா பக்கத்து வீட்டு ஆளைக் கேட்டிருப்பேன். டாக்சி புடிச்சிருப்பேன். வருமா வராதான்னே தெரியலலா."

அவர் மனைவி என்னைப் பார்க்காமல் போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "முன்னெல்லாம் முதல் நாளே அந்தம்மா போன் பண்ணுவாங்க. இப்ப யாரும் பண்றதில்ல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு வரிதான் காதில் இருந்தது. நான் வாங்கிய ஆப்பில் எனக்குத் தேவையானது எல்லாம் இருந்தது. வேன் எங்கே போகிறது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, மாதக் கடைசியில் வரைபடம். வாசலில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. அவர் கேட்பது ஒரே கேள்வி. வேன் வருமா, எத்தனை மணிக்கு வரும்?

அடுத்த செயலவைக் கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்காதான் வாய் திறந்தார்.

"நீ போயிட்டா அந்தச் சாமானை யாரு பாத்துக்குவா? எனக்கும் முட்டி வலி தாங்கல. எல்லாத்தையும் நானே ஞாபகம் வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு ஓட்ட முடியும்? உக்காரு. லீவு போட முடியுமா?"

"எத்தனை நாளுங்கக்கா?"

"அஞ்சு நாள். வேன்ல ஏறு."

ஐந்து நாள் வருடாந்திர விடுப்பு எடுத்தேன். அந்த அண்ணனின் வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து போனேன். முதல் நாள் காலையிலேயே அவர் ஏன் ஆப்பை அழுத்துவதில்லை என்று புரிந்துவிட்டது. ஒரு கையில் குடை, ஒரு கையில் சக்கர நாற்காலி, தோளில் நோயாளியின் பை. போனை எடுத்து, திறந்து, பெயரைத் தேடி, உறுதி செய்து முடிக்க ஏழு தடவை தொட வேண்டியிருந்தது. மழையில் நனைந்த விரலுக்கு அந்தத் திரை அசையவும் இல்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் வழியில் ஒரு குறிப்பிட்ட சிக்னல் வந்ததும் அண்ணன் போனை எடுத்து ஒரு மிஸ்ட் கால் கொடுத்தார்.

"யாருக்குண்ணே?"

"அடுத்த வீட்டுக்கு. மிஸ்ட் கால் வந்தா பத்து நிமிசத்துல வர்றேன்னு அர்த்தம். அவங்க செருப்பு மாட்டிக்கிட்டு வாசலுக்கு வந்துருவாங்க. எடுக்க மாட்டாங்க, காசும் போகாது."

"எத்தனை வருசமா இப்படிப் பண்றீங்க?"

"நான் வந்த நாள்லேருந்து. மத்த ரெண்டு பேரும் இப்படித்தான்."

"என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே?"

அண்ணன் சாலையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க கேக்கலயே தங்கச்சி," என்றார். குத்திக் காட்டுகிற மாதிரி இல்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த ஐந்து நாளில் எங்கள் நோயாளிகளில் பாதிப் பேரிடம் பட்டன் வைத்த பழைய போன்தான் இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு மலாய்க்காரருக்குக் கண் பார்வை மங்கல். தனியாக வசிக்கிற ஒரு சீன ஆன்டிக்கு ஹொக்கியன் என்கிற சீனப் பேச்சு நன்றாக வரும், மலாய் கடைத்தெரு அளவுக்கு வரும், எழுத்து எந்த மொழியிலும் வராது. இவர்களுக்கெல்லாம் நான் ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்ப ஏற்பாடு செய்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் எல்லோரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னோம். மூன்று ஓட்டுநர்கள் வந்தார்கள். அண்ணன் ஒருவர், மற்ற இருவரில் ஒருவர் மலாய்க்காரர், மலாய் வழக்கப்படி மாமா என்கிற மாதிரி அவரை பாக் சிக் என்போம், இன்னொருவர் சீன அங்கிள். கெலாங் பாத்தா ஐயாவின் மனைவியும் வந்தார். வருவாரா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. சுவரில் மாஜோங் பேப்பர் என்கிற பெரிய வெள்ளைத் தாளை ஒட்டினேன். இந்த முறை ஆப் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. ஒரு நாள் வேலையில் யாருக்கு என்ன தெரிய வேண்டும், எப்போது தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

மூன்று மணி நேரம் பேசினோம். பாதி தமிழ், பாதி மலாய். பாக் சிக், மாற்றம் என்றால் அது தன் காதில் விழ வேண்டும், திரையில் வந்தால் தெரியாது என்றார். சீன அங்கிள், காலையில் புறப்படும் முன் ஒரு தாளில் பட்டியல் கையில் இருந்தால் போதும் என்றார். அக்கா, யார் உண்மையாகவே வருகிறார்கள் என்று முதல் நாளே தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம் என்றார். ஐயாவின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "காலையில ஆறு மணிக்கு ஒரு போன் நம்பர் வேணும். யாராவது எடுக்கணும்," என்றார். பேப்பரில் முதல் வரியாக அதை எழுதினோம்.

பிறகு மென்பொருள் கம்பெனிக்காரர்களிடம் பேசினேன். இதில் எதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று கேட்டேன். அவர்களுக்குப் புரியவில்லை. எல்லோரும் இன்னும் சேர்க்கத்தான் சொல்வார்களாம். வரைபடம் வேண்டாம், கலர் கோடு வேண்டாம், மாத அறிக்கை ஒரு பக்கம் போதும் என்றேன். பட்டியலை நெட்வொர்க் இல்லாவிட்டாலும் திறக்கிற மாதிரி போனிலேயே சேமித்துத் தரச் சொன்னேன். ஏழு தடவை தொடுவது ஒரே பெரிய பொத்தானாக மாறியது. புதிதாகக் கேட்டது ஒன்றுதான். தினமும் சாயந்திரம் நாலு மணிக்கு, மறுநாள் போகிற எல்லோருக்கும் தானாக ஒரு அழைப்புப் போக வேண்டும். அவரவர் மொழியில், பழகிய குரலில்.

குரல் பதிவு அலுவலகத்திலேயே நடந்தது. கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் நிற்கிற நேரம் பார்த்து, சக்கர நாற்காலிகளுக்கு நடுவில் நின்று அக்கா பேசினார். "வணக்கம். நாளைக்கு உங்களுக்கு வேன் இருக்கு. வர்றீங்கன்னா ஒன்னு அழுத்துங்க. வரலன்னா ரெண்டு அழுத்துங்க." பழைய ஆபரேட்டர் குரல், ஒரே தடவையில் முடித்துவிட்டார். ஆறு மணி, ஆறரை மணி என்று நேரங்களையும் தனியாகச் சொன்னார், அவரவர் நேரத்தைக் கணினி சேர்த்துக்கொள்ளும். மலாயில் பாக் சிக் பேசினார். ஹொக்கியனில் சீன அங்கிள். அவருக்கு நாலைந்து முறை சிரிப்பு வந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து முடித்தார்.

முதல் வாரம் பலர் அக்காவின் குரலோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு தாத்தா, "சாப்டியாம்மா? முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாராம். எண்ணை அழுத்தவே இல்லை. அப்படி யார் யார் அழுத்தவில்லை என்று நாலரை மணிக்குக் கணினி ஒரு சின்னப் பட்டியல் கொடுக்கும். அக்கா அவர்களை மட்டும் கூப்பிடுவார். முப்பது அழைப்பு நாலைந்தாகக் குறைந்தது. நேரம் மாறினால் ஓட்டுநருக்குப் போன் போட்டுச் சொல்வது, அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்ட பிறகே வைப்பது என்று வைத்துக்கொண்டோம். காலை ஆறு மணி போனை வாரம் ஒருவர் முறை போட்டு வைத்திருக்கிறோம். வெள்ளைப் பலகை திரும்பச் சுவருக்கு வந்தது. அதை மாட்டும்போது ஏணியைப் பிடித்தவள் நான்தான்.

நாலாவது மாதம் என்று நினைக்கிறேன். ஒரு நாள் நாலரை மணிப் பட்டியலில் அந்தச் சீன ஆன்டி பெயர் மட்டும் வந்தது. அவர் எப்போதும் முதல் ஆளாக ஒன்றை அழுத்துகிறவர். அக்கா மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. சீன அங்கிளுக்குச் சொன்னார். அவர் பக்கத்துத் தாமானில்தான் இருந்தார், போய்ப் பார்த்தார். கேட் உள்ளே பூட்டியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தபோது உள்ளேயிருந்து மெல்லிய குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து பின்கதவை உடைத்துப் போனார். ஆன்டி குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மதியத்திலிருந்து ஈரத் தரையில் கிடந்திருக்கிறார்.

அறுவை சிகிச்சை முடிந்த பிறகு அக்காவும் நானும் பார்க்கப் போனோம். ஆன்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் சொன்னார். போன் மணி அடிப்பது கேட்டுக்கொண்டே இருந்ததாம். எட்டி எடுக்க முடியவில்லையாம். ஆனால் நாலு மணிப் போனை எடுக்கவில்லை என்றால் எங்கள் ஆட்கள் யாராவது வருவார்கள் என்று தெரிந்து, கத்தாமல் தெம்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். இப்படி ஒரு பயன் இருக்கும் என்று மாஜோங் பேப்பரில் நாங்கள் யாரும் எழுதவில்லை. ஆன்டிதான் அதைக் கண்டுபிடித்து நம்பியிருக்கிறார். அக்கா காரில் ஏறியதும் கொஞ்ச நேரம் அழுதார். நானும்தான்.

கெலாங் பாத்தா ஐயா இப்போதும் வருகிறார். போன மாதம் வேனில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு, எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார் என்று அண்ணன் சொன்னார். ஆறு மணி போனுக்கு ஐயாவின் மனைவியும் ஒரு வாரம் முறை எடுக்கிறார்.

இப்போது சங்கத்துக்கு இன்னொரு வேலை வந்திருக்கிறது. படுக்கையில் கிடக்கிறவர்களுக்குக் கட்டில் இரவல் கொடுக்கிறோம். எந்தக் கட்டில் யார் வீட்டில் இருக்கிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. செயலவையில் தலைவர் என்னைப் பார்த்து, "இதுக்கும் ஒரு சிஸ்டம் போட்டுறலாமே," என்றார். போடலாம், முதலில் கட்டில்களைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றேன்.

போன சனிக்கிழமை அக்காவும் நானும் செனாயில் முதல் வீட்டுக்குப் போனோம். பக்கவாதம் வந்த ஒரு அம்மாள் எங்கள் கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலின் நாலு கால்களுக்கும் கீழே செங்கல் வைத்திருந்தார்கள். ஏன் என்று அக்கா கேட்டார். மகள் சக்கர நாற்காலியைக் கட்டிலை ஒட்டித் தள்ளிக்கொண்டு வந்து காட்டினார். இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்தால்தான் அம்மாவைத் தூக்காமல் நகர்த்தி உட்கார வைக்க முடிகிறதாம், தனக்கும் முதுகு வலி இல்லையாம். நான் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் கொடுத்தேன். அக்கா குனிந்து செங்கல்லின் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டார்.